கூண்டு வைத்த பிறகு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பார்த்த கண்காணிப்பு கேமராக் காட்சி இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. ஒரு வீட்டு முற்றத்தில் நாய் சுருண்டு படுத்திருக்கிறது. சுற்றுச்சுவரின் மேல் ஓசையின்றி வந்து நின்ற சிறுத்தை, முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி சற்று நேரம் அசையாமல் இருக்கிறது. நாயின் காதுகூட விறைக்கவில்லை. பத்து நொடிக்குள் முற்றம் வெறுமையாகிவிட்டது. கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட்டால் தீர்ந்தது என்றுதான் நானும் உடனே நினைத்தேன்.

மார்ச் 4, புதன்

தீராது போலிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் ஜுன்னர் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் பிடிபட்ட சிறுத்தைகளைத் தொலைவிலுள்ள காடுகளில் விட்டார்கள். வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரியாக 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல், பிறகு 17 ஆக உயர்ந்தது. பிடிபட்டது போனால் அதன் எல்லைக்குள் வேறொன்று நுழைகிறது. விடப்பட்டதோ பழக்கமில்லாத இடத்தில், சில வேளை கூண்டுக் கம்பியைக் கடித்து உடைந்த கோரைப்பல்லோடு, திக்குத் தெரியாமல் திரிகிறது. ஊர் நிம்மதியடைகிறது என்பது வேறு விஷயம்.

மார்ச் 5, வியாழன்

அதே மாநிலத்தின் அகோலே பகுதியில் சிறுத்தையின் கழிவை ஆராய்ந்தபோது, அது தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாயாக இருந்திருக்கிறது. இரைக்காக அது காட்டுக்குப் போக வேண்டியதே இல்லை.

மார்ச் 7, சனி

ஆஜோபா என்ற சிறுத்தையைப் பற்றிப் படித்தேன். மராத்தியில் தாத்தா என்று பொருள். 2009இல் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட அந்த ஆண் சிறுத்தைக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டைக் கருவி மாட்டி மால்சேஜ் கணவாய்ப் பகுதியில் விட்டார்கள். அது நெடுஞ்சாலைகளையும் ஊர்களையும் கடந்து, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நடந்து மும்பைப் பக்கம் வந்து சேர்ந்தது. 2011இல் அதைக் கொன்றது ஒரு வாகனம்.

மார்ச் 8, ஞாயிறு

இவ்வளவும் எழுதிவிட்டு, பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் எல்லைக் கணக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. 2004இல் மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய குடியிருப்புகளில் சிறுத்தை தாக்கி அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். அதற்கு முன்பு வெளியிடங்களில் பிடித்த சிறுத்தைகள் அந்தப் பூங்காவில் விடப்பட்டிருந்தன. கழிப்பறை இல்லாத குடிசைகளிலிருந்து இருட்டில் புதரோரம் ஒதுங்கப் போகிறவர்கள், அதிலும் குனிந்து உட்கார்ந்திருப்பவர்கள், சிறுத்தையின் கண்ணுக்குச் சிறிய விலங்காகத் தெரிவதில் வியப்பில்லை. கூண்டு கேட்பவர்களின் மீது எனக்கிருந்த எரிச்சல் இதைப் படித்ததும் அடங்கியது. விளக்கும் கழிப்பறையும் கொடுக்காதவர்களின் மீது திரும்பியது.

இரவு அந்தக் காட்சியை மீண்டும் ஓடவிட்டேன். நாய் படுத்திருந்த இடத்துக்குப் பின்னால், வாசற்கதவின் ஓரம், வாய் பிரிந்த மூன்று குப்பைப் பைகள் கிடந்தன. முதல் நாள் நான் சுவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.