ஒன்றாம் வகுப்புக்கும் ஓவியம் வேண்டும்

கல்வி உரிமைச் சட்டம் (2009) பகுதிநேரக் கலை ஆசிரியரைச் சொல்வது 6 முதல் 8 வகுப்புகளுக்குத்தான். அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரை மாதம் 5,000 ரூபாயில் எடுத்ததும் அந்த வகுப்புகளுக்கே. ஐந்தாம் வகுப்பு வரை? எல்லாப் பாடத்தையும் சுமக்கிற அதே டீச்சர்தான். பாவம், அவருக்கு நேரம் எங்கே?

அரசுப் பள்ளிகளில் நடத்துகிற கலைத் திருவிழா நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது போட்டி. ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளைதான் மேடை ஏறும்.

நம்ம விளாச்சேரியில் களிமண் பொம்மை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரையைச் சுற்றிப் பறை, ஒயிலாட்டக் கலைஞர்களுக்குக் குறைவா? வாரம் ஒரு நாள் அவர்களைத் தொடக்கப் பள்ளிக்கு அழைத்து, முறையான சம்பளம் கொடுங்கள். இலவச சேவையாகக் கேட்காதீர்கள். மண்ணுக்கும் வண்ணத்துக்கும் தனி நிதி ஒதுக்குங்கள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே வைக்கப் போகிறேன். பெற்றோர்கள் அவசியம் வாங்க.