கக்கூஸ்: ஒரு டச்சுக் கூட்டுச்சொல்லின் பூர்வீகம்

'கக்கூஸ்' என்பதை 'கக்கு' என்ற வினையோடு முடிச்சுப் போடுபவர்கள் உண்டு. கடைசியில் நிற்கும் 'ஸ்' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்த விளக்கம் அங்கேயே படுத்துவிடும். சொல் டச்சுக்காரர்களுடையது: 'கக்' என்றால் மலம், 'ஹாய்ஸ்' என்றால் வீடு, சேர்த்தால் கக்ஹாய்ஸ். தமிழைப் போலவே டச்சிலும் கூட்டுச்சொல்லில் கடைசி உறுப்புதான் தலை, அதாவது முதன்மைப் பொருளைத் தருவது. மருத்துவமனைக்கு அவர்கள் சொல்லும் 'சீக்கன்ஹாய்ஸ்', நோயாளிகள் வீடு, இதே வார்ப்புதான்.

முதல் பாதியில் ஒரு புதிர் இருக்கிறது. லத்தீனிலும் மலங்கழிப்பது 'ககாரே'. ஆனால் லத்தீனில் 'க' வரும் இடத்தில் டச்சு உள்ளிட்ட ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் 'ஹ' வர வேண்டும்: நூறு லத்தீனில் 'கெந்தும்', டச்சில் 'ஹோண்டர்ட்', நாய் 'கனிஸ்', டச்சில் 'ஹோண்ட்'. இந்த விதிக்குக் 'கக்' மசியவில்லை. ஒன்று, லத்தீனிலிருந்து பிற்பாடு கடன் வாங்கியிருக்க வேண்டும். இல்லை, ஒலிமாற்றங்களுக்குப் பிடிகொடுக்காத குழந்தைப் பேச்சாக இருக்க வேண்டும்.

'ஹாய்ஸ்' அசல் ஜெர்மானியச் சொல். மூல வடிவம் 'ஹூஸ்'. வழக்கொழிந்த பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் இது தனியாகக் கிடைக்கவில்லை. கோவிலைக் குறிக்கும் 'குட்ஹூஸ்' என்ற கூட்டுச்சொல்லுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. அந்த 'ஊ' டச்சில் முதலில் உதட்டைக் குவித்துச் சொல்லும் 'ஈ'யாக மாறி, பிறகு ஹாலந்துப் பகுதியில் ஈருயிராக, அதாவது இரண்டு உயிரொலிகள் ஒட்டிய 'ஆய்' போன்ற ஒலியாக, உடைந்தது. நெதர்லாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள சேலாந்து வட்டாரத்தில் உடையவில்லை. கிழக்கே க்ரோனிங்கனில் பழைய 'ஹூஸ்' இன்றும் பேச்சில் உண்டு.

நம் சொல் 'காய்ஸ்' என்று முடியாமல் 'கூஸ்' என்று முடிவது இதனால்தான் என்பேன். பழவேற்காட்டில் 1610 முதலும், நாகப்பட்டினத்தில் 1658 முதல் 1781 வரையும், யாழ்ப்பாணத்தில் 1658 முதல் 1795 வரையும் இருந்த டச்சுக் கம்பெனியில் சேலாந்துக்காரர்களும் வட ஜெர்மனிக்காரர்களும் ஏராளம். அவர்கள் வாயில் அந்த உயிர் உடையாமலே இருந்தது. ஆங்கில வழியாக வந்திருந்தால் 'ஹவுஸ்' என்றுதான் காதில் விழுந்திருக்கும். இந்தோனேசியாவில் 'ககுஸ்', சிங்களத்தில் 'கக்குஸ்ஸிய' என்று 'உ'வோடு நிற்பதும் இதற்குத் துணை.

'ஹ' காணாமல் போனதில் வியப்பில்லை. சேலாந்துப் பேச்சே அதை விழுங்கிவிடும். 'க்க்' இரட்டித்ததுதான் தமிழின் கைவேலை. ஒற்றைக் 'க' உயிர்களுக்கு நடுவே நம் வாயில் நெகிழ்ந்துவிடும். வல்லோசையைக் காப்பாற்ற இரட்டிப்பதைத் தவிர வழியில்லை. டச்சு 'டொய்ட்' காசு நம்மிடம் 'துட்டு' ஆனதிலும் நடுவே அதே இரட்டிப்பைப் பார்க்கலாம்.