ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

2025 ஜூன் 22, ஞாயிறு

இடது கையால் போனில் தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவன் நான். போன வாரம் மழையில் பைக் சறுக்கி வலது மேற்கை எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு கூடிவிடும், அது பெரிய கவலையில்லை. கவலை மணிக்கட்டுதான். கையை நீட்டினால் தொங்குகிறது. விரல்களை மடக்க முடிகிறது, நிமிர்த்த முடியவில்லை. புறங்கையில் கட்டைவிரல் பக்கம் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். மேற்கை எலும்பின் பின்பக்கத்தைச் சுற்றிக்கொண்டு ரேடியல் நரம்பு என்று ஒன்று இறங்குகிறது. எலும்பு முறியும்போது அதுவும் இழுபடும், நசுங்கும். தோல் கிழியாத முறிவு என்பதால் நரம்பு அறுந்திருக்க வாய்ப்பு குறைவாம். பெரும்பாலும் தானாகவே திரும்பிவிடும், மூன்று நான்கு மாதம் பார்ப்போம், அசைவே வரவில்லையென்றால் திறந்து பார்க்கலாம் என்றார். உள்ளே நரம்பிழை சேதப்பட்டிருந்தால் மறுபடி வளர வேண்டும். வளரும் வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து மகனின் ஸ்கேலை எடுத்து, முறிந்த இடத்திலிருந்து மணிக்கட்டு வரை வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஜெபித்தார்கள். ஒரு அக்கா ஏத்தன் குலையே கொண்டுவந்தாள். ஜெபமும் நன்றாக இருந்தது, பழமும் நன்றாக இருந்தது.

சாயங்காலம் வந்தவர் வேறு மாதிரி. எங்கள் சபை இல்லை, தூரத்துச் சொந்தம். மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கப் போட்டிருக்கும் ஸ்பிளின்ட்டைப் பார்த்துவிட்டு, “இதைக் கழற்றி வை. விசுவாசத்தோடு கையைத் தூக்கு. தூக்க முடியவில்லையென்றால் விசுவாசத்தில்தான் குறை” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா அடுக்களையிலிருந்து, “உமக்குக் கண்ணாடி எதுக்கு? அதையும் கழற்றி வச்சிட்டு வேதம் வாசியும்” என்றாள். கட்டன்சாயாவைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

நம்முடைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்படிப் பேசுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. இங்கே வேதமும் மருந்தும் ஒரே ஆட்கள் கையில்தான் வந்து சேர்ந்தன. லண்டன் மிஷன் ஆட்கள் நெய்யூரில் வைத்தியப் பணி தொடங்கியது 1838-ல். பின்னால் அதே நெய்யூருக்கு வந்த சோமர்வெல் டாக்டர் 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த மனிதர், நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலை செய்வதென்று முடிவெடுத்தார். தாத்தா காலத்து ஆட்கள் அவர் பெயரை வீட்டு ஆள் பெயர் மாதிரிச் சொல்வார்கள். அவர் ஜெபித்தும் இருப்பார், கத்தியும் வைத்திருப்பார்.

இன்னொன்று. பவுலின் உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே வியாதிக்காரர் சுகமானார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் இருக்கிறது. அதே பவுல்தான் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஏன் சுகமாகவில்லை என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது, துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. அந்தச் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். அம்மா சொன்னதே போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எலும்பு கூடிவருகிறது. மணிக்கட்டு அப்படியே.

பக்கத்து வீட்டு அக்கா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறைக்குப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைக் கைதியாக இழுத்துப் போன வழியில் தாகத்துக்கு நல்ல தண்ணீர் கொடுக்கவில்லை, அவர் ஜெபித்து முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது என்பார்கள். “கைக்கு இதைவிட நல்ல தண்ணி எங்க தம்பி கிடைக்கும்?” என்று கேட்டார். எங்கள் சபையில் இந்த வழக்கம் இல்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள். வாங்கிக் குடித்துவிட்டேன். அவ்வளவு தூரம் பஸ்ஸில் சுமந்து வந்த அன்பை வேண்டாம் என்று சொல்ல எனக்கு இறையியல் தெரியாது.

அவர் போனபிறகு யோசித்தேன். பாறையில் தண்ணீர் வந்தது சரி. ஆனால் விலங்கு கழலவில்லையே. 1749-ல் கைதான அவரை 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லும்வரை விடவில்லை. அவரும் விடுதலைக்கு ஜெபித்திருக்க மாட்டாரா? 2022-ல் வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது இங்கே வேட்டு வெடித்ததெல்லாம் நினைவிருக்கிறது. அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாரும் அதிகம் பிரசங்கிப்பதில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பால் வெட்டுகிறவனுக்கு ராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வந்துவிடும். வேலை இல்லாவிட்டாலும் வந்துவிடுகிறது. மற்றவர்கள் ஹெட்லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவது ஜன்னலில் தெரிகிறது. விடியலுக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைவிட அதிகமாய் என் ஆத்துமா காத்திருக்கிறது என்று 130-ம் சங்கீதம். ஜாமக்காரனுக்கு விடியும் நேரம் தெரியும் ஆண்டவரே, எனக்கு அதுவும் தெரியாது என்றுதான் இன்றைக்கு ஜெபித்தேன்.

இப்படி ஜெபிக்கலாமா என்று மகன் கேட்டான், அவனுக்கும் தூக்கம் வரவில்லை. 88-ம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினேன். முதலிலிருந்து கடைசிவரை முறையீடுதான், முடிவில்கூட ஆறுதல் வரி கிடையாது. “இதையும் பைபிள்ல சேர்த்திருக்காங்களே” என்றான். ஆமாம், சேர்த்திருக்கிறார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மனைவி அண்டியாபீசுக்கு, அதாவது முந்திரிக்கொட்டை ஆலைக்கு, போக ஆரம்பித்துவிட்டாள். தோடு உடைக்கும் வேலை. அந்தத் தோட்டெண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து உரிகிறது. வந்ததும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, அதே கையால் என் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மடக்குகிறாள். நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிப் போயிருக்கக் கூடாது என்று பிசியோ சொல்லியிருக்கிறார்.

பொறுமை பொறுமை என்று எல்லாரும் எனக்குத்தான் சொல்கிறார்கள். பாத்திரக் கடைப் பாக்கி, மகனின் டியூஷன், சங்கக் கடன் எல்லாவற்றையும் தவணை சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறவளுக்கு யாரும் எண்ணெய் பூசி ஜெபிக்கவில்லை. குடும்ப ஜெபத்தில் இன்று முதல்முறையாக என் கையை விட்டுவிட்டு அவள் கைகளுக்காக ஜெபித்தேன். ஆமென் சொன்ன கையோடு, “நாளைக்கு மீன் வாங்க காசு இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது. சாளை.

செப்டம்பர் 30, செவ்வாய்

கட்டைவிரல் மேலே பார்க்கிற மாதிரி வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி எதிர்ப்பக்கம் அழுத்தினார் பிசியோ. முன்கையில் ஒரு தசை திரண்டு எழும்பியது! ரேடியல் நரம்பு திரும்பும்போது அந்தத் தசைக்குத்தான் முதலில் உயிர் வரும், அடுத்தது மணிக்கட்டு, அப்புறம் விரல்கள், கட்டைவிரல் கடைசி என்று வரிசை சொன்னார். இப்போதைக்குத் திறந்து பார்க்க வேண்டியதில்லையாம்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு ஜெபிக்கத் தோன்றவேயில்லை. அந்தத் தசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

துலா மழை விடவில்லை. மணிக்கட்டு மேசையிலிருந்து கொஞ்சம் எழும்புகிறது. விரல்கள் இன்னும் தொங்கல்தான், கத்தி பிடிக்கிற பேச்சே இல்லை.

வீட்டில் இப்போது சண்டை, ஸ்தோத்திரக் காணிக்கை எப்போது போடுவது என்று. அடுத்த ஞாயிறே போட வேண்டும் என்கிறாள் அம்மா. “முழுசும் தந்தாத்தான் நன்றி சொல்லுவேன்னா அது கடன் வசூலிக்கிற பேச்சு மக்கா.” மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது போட்டால் ஆலயத்தில் வாசிப்பார்கள், முழுச் சுகம் கிடைத்துவிட்டது என்று ஊர் பரப்பும், அந்தச் சொந்தக்காரர் தன் ஜெபம்தான் என்பார், சங்கத்தில் தவணையும் தரமாட்டார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மனைவி சொல்வதில் கொஞ்சம் கூடுதல்.

கடைசியில் காணிக்கை போடுவது என்று முடிவாயிற்று, கவரின் மேல் ‘மணிக்கட்டுக்கு மட்டும்’ என்று எழுத வேண்டும் என்பது மனைவியின் நிபந்தனை. மகன் எழுதிக் கொடுத்தான். போதகர் அதை அப்படியே வாசிப்பாரா என்று தெரியவில்லை, வாசித்தால் நல்லது.