கடைசியில் நிற்கும் ஊமை எழுத்துகள்

பாரிசுக்கு வந்த முதல் வருசம் பிரெஞ்சு வினைச்சொற்களை எழுதியிருந்தபடியே வாசித்தேன். தமிழில் எழுத்துக்கூட்டிப் பழகிய வாய். 'அவர்கள் கதைக்கிறார்கள்' என்பதை 'இல் பார்லென்ட்' என்றேன். அது 'இல் பார்ல்'. கடைசியில் நிற்கும் ஈ, என், டி மூன்றும் ஊமை. நான், நீ, அவன், அவர்கள் என்ற நாலு பேருக்கும் எழுத்தில் மூன்று விகுதி இருக்கிறது. காதுக்கு எல்லாம் ஒரே அசை, 'பார்ல்'. நாங்கள் என்றால் மூக்கால் முடியும் 'பார்லோ', நீங்கள் என்றால் 'பார்லே'. இவை மட்டும் இரண்டு அசை.

அப்போது நான் ஒரு சிறிய உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஒருநாள் முதலாளி வாசலைப் பார்த்து 'இல்ஸாரிவ்' என்று சொல்லி மேசை போடச் சொன்னார். ஒருவர் வருகிறார் என்று விளங்கிக்கொண்டு ஒரு கதிரையை வைத்தேன். வந்தது ஆறு பேர். ஒருவர் என்றால் 'இ-லா-ரிவ்'. பலர் என்றால் 'இல்-ஸா-ரிவ்'. நடுவில் வண்டு இரைவது போல வரும் அந்த ஒலிதான் பன்மை. எழுத்தில் வினையின் வாலில் தொங்கும் பன்மை, வினை உயிரொலியில் தொடங்கினால் பேச்சில் அதன் தலையில் ஏறிவிடுகிறது. இதை எனக்கு ஒருவரும் முதலே சொல்லித் தரவில்லை என்ற கவலை இப்பவும் உண்டு.

மகள் முதலாம் வகுப்புக்குப் போனபோதுதான் முடிச்சு அவிழ்ந்தது. அவளுடைய வாசிப்புப் புத்தகத்தில் அசைகள் நிறம்நிறமாகப் பிரிந்திருந்தன. ஒலிக்காத எழுத்துகள் மங்கிய சாம்பலில். "அம்மா, சாம்பலை வாசிக்கக் கூடாது," என்றாள். அவளோடு இருந்து நானும் விரல் வைத்துப் படித்தேன். 'இல்' என்பதில் உள்ள மெய், அடுத்த சொல்லின் உயிரைத் தூக்கிக்கொண்டு 'இ-லா' என்று பிரிவதைப் பார்த்ததும் ஊரில் படித்த புணர்ச்சி நினைவுக்கு வந்தது. பால், ஆடை: பா-லா-டை. நாங்கள் சின்ன வயதிலிருந்தே செய்கிற வேலைதான்!

பிறகு கேள்வி வாக்கியம் வந்தது. 'அவன் கதைக்கிறானா?' என்பதற்கு 'பார்ல்-தில்'. வினையும் 'இல்' என்பதும் எழுத்தில் உயிரோடு உயிராக முட்டாமல் இருக்க நடுவில் ஒரு 'த்' வைக்கிறார்கள். மகளின் கொப்பி ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்: மணி, ஓசை, மணியோசை. "இது என்ன அம்மா?" என்று கேட்டாள். அன்றிரவு அவளுக்கு உடம்படுமெய் சொல்லிக்கொடுத்தேன்.