பணி, வீடு, பிறர்: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 4, புதன்

குருதி வங்கியில் இரவுப் பணி. குருதி உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) உள்ள பைகளை 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டுகளின்மேல் வைத்திருக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் அணுக்கள் கெட்டுப்போகும். சிவப்பணுக்களைத் தக்க கரைசல் சேர்த்துக் குளிரில் 42 நாள் வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களுக்கோ வழக்கமாக 5 நாள்தான். நாளையோடு காலாவதியாகவிருந்த ஒரு பையை நள்ளிரவுக்குப் பின் நோயாளி ஒருவருக்காகக் கேட்டு வந்தார்கள். பையின் எண்ணையும் குருதி வகையையும் உரக்கப் படித்து, பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். அது யார் உடலில் ஏறியது, அவர் தேறினாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியவராது. பணியில் சேர்ந்த புதிதில் இது ஒரு குறையாகப் பட்டதுண்டு. இப்போதோ, நன்றி சொல்ல ஆளில்லாத இடத்தில் வேலையைப் பிசகில்லாமல் செய்து முடிப்பதில் ஒரு தனி மிடுக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஏமி ரெஸ்னியெவ்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். மனிதர்கள் தம் வேலையைப் பிழைப்பாகவோ, மேலேறும் படியாகவோ, வாழ்வின் அழைப்பாகவோ காண்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அலுவலக உதவியாளர்கள் என்ற ஒரே பணியில் இருந்தவர்களும் இந்த மூன்று வகையிலும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்திருந்தார்களாம். நானோ ஒரே வாரத்தில் மூன்று வகையிலும் இருந்துவிடுகிறேன். சம்பள நாளன்று நிச்சயமாக முதல் வகை.

மார்ச் 14, சனி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்துப் பதிவுசெய்யும் பணியில் இன்று இதயத்தைப் பற்றிய பாடம். இரைச்சல் விழாமலிருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு அமர்ந்தோம். எழுத்தை வாசிப்பதில் சிரமமில்லை. 'படத்தில் காட்டியுள்ளவாறு' என்ற தொடர் வந்ததும்தான் வேலை தொடங்குகிறது. படத்தை விவரித்து நான் எழுதி வைத்திருந்ததை, மகள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இடது பக்கம்னா யாரோட இடது பக்கம்ப்பா? பாக்குற நமக்கா, அந்த இதயத்துக்கா?" என்றாள். உடலின் வலப்புறம் இருப்பது படத்தில் நம் இடக்கைப் பக்கமாக அல்லவா வரையப்பட்டிருக்கிறது! பக்கக் கணக்கையே விட்டுவிட்டு, குருதி செல்லும் வழியைப் பிடித்துக்கொண்டோம்: உடலிலிருந்து திரும்பும் குருதி எந்த அறைக்குள் நுழைகிறது, எந்த வால்வைக் கடக்கிறது, நுரையீரலுக்குச் சென்று எங்கே மீள்கிறது என்று வரிசையாகச் சொன்னபோது, அன்றாடம் குருதியோடு பழகும் எனக்கே அந்தப் படம் முன்னைவிடத் தெளிவாக விளங்கியது.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டை மறந்து ஊருக்கு உழைத்தவர் என்று சிலரைப் புகழ்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிப்பட்டவரின் வீட்டில் அவர் பங்கையும் சேர்த்து உழைத்தவர் ஒருவர் இருந்திருப்பார், அவரை யாரும் மேடையேற்றுவதில்லை. அம்மாவுக்கு இரவில் இரண்டு வகைக் கண் சொட்டு மருந்துகள். ஒன்றை விட்ட பிறகு மற்றதற்கு 5 நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் அவர் கண்ணை மூடியபடியே பேசும் பேச்சை வேறெந்த நேரத்திலும் கேட்க முடிவதில்லை. எனக்கு இரவுப் பணி உள்ள நாள்களில் மருந்தும் பேச்சும் மகளுடையவை. மறுநாள் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

பதிவைக் கேட்ட மாணவர் ஒருவர் குரல்வழிச் செய்தி அனுப்பியிருக்கிறார். இதயப் பாடத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேதியியல் அட்டவணையைத்தான் பிடித்துக்கொண்டார். எண்களை மட்டும் வரிசையாக வாசித்துக்கொண்டே போனால் எது கொதிநிலை, எது உருகுநிலை என்று பிடிபடவில்லையாம். ஒவ்வோர் எண்ணுக்கும் முன்னால் அதன் தலைப்பைச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். பாராட்டைக் காட்டிலும் இது மேலானது, ஏனெனில் பதிவைக் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார் என்பது இதிலிருந்தே தெரிகிறது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பாடத்தை மீண்டும் பதிவுசெய்யப் போகிறோம்: தலைப்புகளை மகள் சொல்வாள், எண்களை நான் சொல்வேன்.