வாய் கோணிப் போனதும் சின்சே (சீன வைத்தியர்) கிட்ட அக்குபஞ்சர் ஊசி போட்டுக்கிட்டதும்

போன தீபாவளி முடிஞ்ச வாரம், காலைல பல் தேய்ச்சு வாய் கொப்பளிக்கிறேன், தண்ணி இடது ஓரமா தானா ஒழுகி நைட்டியில ஊத்துது. கண்ணாடியைப் பாத்தா சிரிப்பு ஒரு பக்கம்தான் வருது. மாமியார் "ஐயோ பக்கவாதம்"னு அழ ஆரம்பிச்சுட்டாங்க, வீட்டுக்காரர் டாக்சி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரி ஏ அண்ட் ஈ (அவசரப் பிரிவு) கூட்டிட்டுப் போனார்.

அங்க டாக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். இடது நெத்தியில ஒரு சுருக்கம்கூட விழல. ஸ்ட்ரோக்னா நெத்தி பெரும்பாலும் தப்பிச்சுடுமாம், நெத்தியும் சேந்து விழுந்தா முகத்தை அசைக்கிற 7வது நரம்பு வீங்கி காதுக்குப் பின்னாடி எலும்புக் குழாய்க்குள்ள நசுங்கியிருக்கும்னாரு, பேரு பெல்ஸ் பால்சி. வீக்கத்தைக் குறைக்கிற பிரெட்னிசலோன் ஸ்டீராய்டு மாத்திரை, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும். அதோட கண் சொட்டு மருந்து, ராத்திரி இமையை டேப் போட்டு ஒட்டிட்டுத் தூங்கணும். வாய் கோணினதைவிட இந்தக் கண்ணு மூடாததுதான் எனக்கு பெரிய இம்சை, எம்ஆர்டி ரயில் ஏசி காத்து பட்டாலே எரியும்.

ஊர்லேர்ந்து பெரியம்மா போன் பண்ணி புறா ரத்தம் தேய்க்கச் சொன்னாங்க. இங்க சிங்கப்பூர்ல புறாவுக்கு ரொட்டி போட்டாலே ஃபைன் பெரியம்மா, ரத்தத்துக்கு எங்க போறதுன்னேன்.

ரெண்டு வாரமாகியும் ஒண்ணும் அசையல. நாலாவது மாடி சீன ஆன்ட்டிதான் சின்சே கிட்ட போன்னு விடாம சொன்னாங்க. டாக்டர் கிட்ட கேட்டேன், மாத்திரையை நிறுத்தாம முடிச்சுட்டுப் போங்க, ஆனா ஊசியால குணமாகும்னு ஆராய்ச்சி உறுதியா சொல்லல, நிறைய பேருக்கு தானாவே சரியாகிடும்னாரு. டிசிஎம் போர்டு (சீன வைத்தியர்களைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவு சர்டிபிகேட் சுவத்துல மாட்டியிருக்கற இடமாப் பாத்துதான் போனேன், என் கண்ணு முன்னாடியே புது பாக்கெட் கிழிச்சு ஊசி எடுத்தாங்க.

முடி மாதிரி மெல்லிசு. புருவத்துக்கு மேல, வாய் ஓரம், தாடை, காதுக்குப் பின்னாடின்னு மொத்தம் பத்து பன்னண்டு. முகத்துல எறும்பு கடிச்ச மாதிரிதான். ஆனா கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒண்ணு குத்தினாங்க பாருங்க, அது லேசா திருகும்போது கையே கனத்து உள்ள குடையும். முகத்துக்கு வைத்தியம், கையில எதுக்கு ஊசின்னு அப்ப புரியல, முகத்துக்கு முக்கியமான புள்ளியே அதுதானாம். குத்திட்டு "சுவான் மா?"ன்னு கேப்பாங்க. சுவான்னா புளிப்பாம், நம்ம குடைச்சல்னு சொல்றதை அவங்க புளிப்புங்கறாங்க. புளிக்குதுன்னு தலையாட்டுவேன், திருப்தியா சிரிப்பாங்க. அப்புறம் சிவப்பு லைட் சூட்டுல இருபது நிமிஷம் படுக்கணும், பாதி நாள் தூங்கிடுவேன்.

வாரம் ரெண்டு தடவை, ஒரு தடவைக்கு 50 வெள்ளி, எல்லாம் கைக்காசு. அஞ்சாவது வாரம் மூக்கு ஓரம் துடிச்சுது, அப்புறம் உதடு. ஊசியாலயா, மாத்திரையாலயா, சும்மா நாளானதாலயான்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகாம நேரா சின்சே கிட்ட போயிருந்தா அந்த 72 மணி நேரம் போயிருக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

மூணு மாசத்துல முக்காவாசி சரி. இப்பவும் தோசை மெல்லும்போது இடது கண்ணு லேசா சுருங்கும், நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிப் போயிருக்காம். என் மகளுக்கு அது ஒரே வேடிக்கை, சாப்பாட்டு மேசையில எதிர்ல உக்காந்து "அம்மா எனக்கு கண்ணடிக்கிறாங்க"ன்னு பதிலுக்கு அவளும் அடிப்பா.