ராக்கொடியின் பின்புறம்

எங்கள் வீட்டு மரப்பெட்டியில் ஒரு ராக்கொடி இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி வட்டத்தின் நடுவில் ஓர் அன்னம். அதைச் சுற்றி இரண்டு வரிசையில் கெம்பு எனப்படும் சிவப்புக் கற்கள். கற்களைச் சுற்றிலும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு. என் பூட்டி, அதாவது அம்மாவின் பாட்டி, நாகர்கோவிலில் பிறந்து திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்டபோது கூந்தலில் சூடி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் அது இரவலாகப் போய் வந்திருக்கிறது என்று ஆச்சி சொல்வார். யார் யார் அதைச் சூடினார்கள் என்பதை விரல்விட்டு எண்ணிச் சொல்லத் தெரிந்த ஆச்சிக்கு, அதைச் செய்தவர் யார் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

அதைச் சுற்றி வைத்திருந்த துணிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. “வடசேரி. ராக்கொடி 1. வெள்ளி தோலா 4. கல் 43. கொ. 1112 தை 9.” அவ்வளவுதான், கையெழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. ‘கொ’ என்பது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூரில் மட்டுமல்லாமல் திருநெல்வேலிப் பக்கத்துப் பத்திரங்களிலும் வழங்கிய கணக்கு அது. 1112 தை என்றால் 1937 சனவரி. கற்களை எண்ணிப் பார்த்தேன்: வெளிவட்டத்தில் 24, உள்வட்டத்தில் 16, அன்னத்தின் உடலில் 3. சீட்டு சரியாகவே இருந்தது.

செய்தவரைத் தேடி நாகர்கோவில் வடசேரிக்குப் புறப்படுவதற்கு முன்பு, கற்களைச் சோதிக்கத் தெரிந்த தோழி ஒருத்தியிடம் காட்டினேன். அவள் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னாள். சிவப்புக்குள் மிகச்சிறிய உருண்டைக் குமிழிகளும், வில்போல வளைந்த மெல்லிய கோடுகளும் தெரிந்தன. பூமிக்கடியில் விளைந்த மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோதான் இருக்கும். வளைந்த கோடு, தீச்சுடரில் பொடியை உருக்கிக் கல்லாக வளர்க்கும் முறைக்கு உரியது. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் அந்த முறையை அறிவித்தது 1902இல். ஆகவே சீட்டில் உள்ள ஆண்டும் கல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தின. வெளிவட்டத்தில் இரண்டு கற்கள் மட்டும் வெறும் கண்ணாடி; எப்போதோ உதிர்ந்த இடத்தில் யாரோ பதித்தவை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் கன்னியாகுமரி விரைவு வண்டியிலிருந்து நாகர்கோவிலில் இறங்கி, வடசேரிக்குப் போனேன். இன்று ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்ற பெயரில் எங்கெங்கோ அச்சடித்த செப்புத் தகடுகளெல்லாம் விற்கப்படுகின்றன. ஆனால் நாகர்கோவில் கோயில் நகை என்று புவிசார் குறியீடு பெற்ற வேலைக்குப் பிறப்பிடம் இந்தத் தெருக்கள்தான். சுவாமிக்கும் அம்பாளுக்கும் சாத்துவதற்காகச் செய்யப்பட்ட நகைகளின் சாயலில் செய்தவை பின்னர் பரதநாட்டிய மேடைக்கு ஏறின. ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவை நிறுவியது 1936இல். எங்கள் ராக்கொடி பட்டறையை விட்டு வெளியே வந்தது அதற்கு அடுத்த சனவரியில். தலைசாமான், நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, மாங்காமாலை, ஒட்டியாணம் என்று நாட்டியக்காரர்கள் கேட்டு வாங்கியதுதான் இந்தத் தொழிலை இன்றுவரை தாங்கி நிற்கிறது.

விசாரித்துக்கொண்டே போனதில், வீட்டுத் திண்ணையையே பட்டறையாக வைத்திருந்த ஒரு முதியவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் அப்போது ஒரு ஜிமிக்கியில் கல் பதித்துக்கொண்டிருந்தார். வெள்ளித் தகட்டை வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் சிறு கிண்ணம்போல விளிம்பு கட்டிப் பற்றவைத்து, அதற்குள் அரக்கை நிரப்பியிருந்தார். கரி நெருப்பின் சூட்டில் அரக்கு இளகியதும் கல்லைச் சாமணத்தால் எடுத்து வைத்து, நிமிராமலே அதன் ஓரத்தில் தங்க ரேக்கை ஊசிமுனையளவு கருவியால் அழுத்தி அழுத்தி ஏற்றினார். ஒரு கல்லுக்கு ரேக்கு கட்டி முடிக்கும்வரை நான் பேசவில்லை. பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனாலும் வாய் வரவில்லை.

பிறகு ராக்கொடியைக் கொடுத்தேன். முன்பக்கத்தை ஒரே பார்வையில் பார்த்துவிட்டு உடனே திருப்பிவிட்டார்.

“முன்பக்கம் எல்லாருக்கும் ஒண்ணுதான் மக்ளே. அன்னம்னா அன்னம், கெம்புன்னா கெம்பு. கை எங்க தெரியும்னா பின்னால தெரியும். உடுத்துறவ பாக்காத இடம்லா அது.”

பின்தகட்டின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பூக்கள் அடித்திருந்தன. இத்தனை வருடம் கையில் வைத்திருந்தும் அவற்றை நான் உற்றுப் பார்த்ததில்லை. ஐந்து இதழ்ப் பூ. ஒவ்வொரு பூவிலும் ஓர் இதழ் மட்டும் மழுங்கியிருந்தது. தேய்மானம் என்றேன். அவர் தலையை அசைத்தார். தேய்ந்திருந்தால் எல்லாப் பூவிலும் ஒரே இதழா தேயும்? பூவை அடித்த முளையிலேயே, அதாவது தகட்டில் வைத்துத் தட்டும் அச்சிலேயே, ஒரு முனை உடைந்திருக்கிறது. உடைந்த முளையைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிறுவயதில் தம் தகப்பனாரிடம் பழுதுக்கு வந்த நகைகளில் இதே பூவைப் பார்த்திருப்பதாகச் சொல்லி, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குத் தம் பேரனை உடன் அனுப்பினார்.

அந்த வீட்டில் இப்போது பட்டறை இல்லை. வாசலுக்கு வந்தவர் பொன்வேலை செய்தவரின் பேரன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவர்கள் வீட்டில் அன்றாடச் சோறு போட்டது தங்க வேலைதான். கல் பதித்த வெள்ளி நகை சொல்லிவைத்தால் மட்டும் செய்வது. சீனப் போருக்குப் பின் 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றார்கள். 22 காரட்டில் தாலி செய்துகொண்டிருந்த ஊரில் 14 காரட் நகையை யார் கேட்பார்கள்? நாடு முழுவதும் எத்தனையோ பொற்கொல்லர் குடும்பங்கள் அந்த ஆண்டில் பிழைப்பிழந்தன. இவருடைய தந்தை ஒரு பாத்திரக் கடைக்குக் கணக்கெழுதப் போனார். 14 காரட் வரம்பைப் பின்னர் நீக்கினார்கள். 1968இல் வந்த சட்டத்தையும் 1990இல் நீக்கினார்கள். ஆனாலும் அவர்கள் வீட்டு உமியோட்டில் மறுபடி நெருப்பு ஏறவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். துருப்பிடித்த அரங்கள், ஒரு ஊதுகுழல், கம்பி இழுக்கும் அச்சு, துணியில் முடிந்த இருபதுக்கும் மேற்பட்ட முளைகள். என்னுடன் வந்த பேரன் பையன் ஓடிப்போய் ஓர் ஈயத் தகட்டை எடுத்து வந்தான். ஒவ்வொரு முளையாக வைத்துத் தட்டினோம்: பிறை, புள்ளி, இலை, மறுபடி புள்ளி. பதினொன்றாவது முளையில் பூ விழுந்தது. ஐந்து இதழ், வலப்பக்கத்துக் கீழிதழ் மழுங்கல். ராக்கொடியை அதன் அருகில் வைத்தபோது ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். தம் தாத்தாவின் வேலையை அவர் அதுவரை பார்த்ததே இல்லையாம். செய்ததெல்லாம் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது.

இன்று வாங்கும் தங்க நகையில் ஆறு இலக்க அடையாளம் பொறித்திருக்கிறார்கள். அதைக் கொண்டு விற்பனையாளரையும் தரம் பார்த்த மையத்தையும் அறியலாம். நல்ல ஏற்பாடுதான். உட்கார்ந்து செய்தவரின் பெயர் மட்டும் அதிலும் இல்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மாலையில் திண்ணைப் பட்டறைக்குத் திரும்பி, கண்ணாடிக் கற்கள் இரண்டையும் எடுத்துவிட்டு வேறு கல் பதித்துத் தரும்படி கேட்டேன். பழைய அரக்கைச் சுரண்டாமல் சூடு மட்டும் காட்டி இளக்கி, மறுநாள் மதியத்துக்குள் பதித்துக் கொடுத்தார். பின்தகட்டில் அவர் கை வைக்கவில்லை, மெருகுகூடப் போடவில்லை.

செய்தவரின் பெயரை ஆசிரியர் எனக்குச் சொன்னார். வெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. ஊர் திரும்பும் வண்டியில் ஒரு புதிய சீட்டில் அந்தப் பெயரையும், அவருடைய தகப்பனார் பெயரையும், பூவில் மழுங்கிய இதழ் எது என்பதையும் எழுதி, பழைய சீட்டோடு சேர்த்து அதே துணிக்குள் மடித்து வைத்தேன்.